வேலூரில் விக் அணிவோருக்கு: வாங்குவது முதல் அலசுவது வரை

கீமோதெரபியால் முடி உதிரப்போகிறவர்கள், புழுவெட்டால் திட்டுத்திட்டாக முடி இழந்தவர்கள், வகிடு அகன்று உச்சந்தலை தெரியத் தொடங்கியவர்கள் என முதன்முறையாக விக் அணிய நினைக்கும் எவருக்கும் பயன்பட வேண்டும் என்ற நோக்கில் இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. விக்குடன் வரும் பராமரிப்புச் சீட்டுகளில் பல, குளிர்ந்த நாடுகளின் வாழ்க்கையை மனத்தில் கொண்டு அச்சிடப்பட்டவை. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில், வாளியின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் படியும் போர்வெல் தண்ணீரை வைத்துக்கொண்டு, காலையும் மாலையும் அடுப்படியில் நிற்கும் ஒருவர் அந்தச் சீட்டை மட்டும் நம்பினால் விக் பாதி ஆயுளிலேயே பாழாகிவிடும். இந்த ஊரில் விக்கைக் கெடுப்பவை மூன்று: சூடு, உப்புத் தண்ணீர், உராய்வு. கீழே சொல்லப்படும் செய்முறைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஏதேனும் ஒன்றை விலக்கி வைப்பதற்கானவை.

முடி உதிர்வதற்கு முன்பே வாங்குங்கள்

கீமோதெரபி மருந்துகள் எல்லாமே முடியை உதிர்த்துவிடுவதில்லை. ஆகவே உங்களுக்குத் தரப்போகும் மருந்தால் முடி முழுவதும் போகுமா, மெலிந்து மட்டும் போகுமா, ஒன்றும் ஆகாதா என்பதை முதலில் மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். போகும் என்றால், பொதுவாக முதல் தவணை முடிந்து 2 அல்லது 3 வாரங்களில் உதிரத் தொடங்கும். தொடங்கிய பிறகு சில நாட்களிலேயே தலையணையிலும் குளியலறையிலும் கொத்துக் கொத்தாக வரும். அந்த நாட்களில் உடல் சோர்ந்திருக்கும், மனமும் கடைக்குப் போகும் நிலையில் இராது. அதனால் சொந்த முடி தலையில் இருக்கும்போதே விக்கைத் தேர்ந்துவிடுவது நல்லது.

கடைக்குப் போகும்போது முன்பக்கம், இரு பக்கவாட்டு, பின்பக்கம் என எடுத்த புகைப்படங்களையும், நிறம் பார்ப்பதற்காக நுனியிலிருந்து வெட்டிய சிறு கொத்து முடியையும் எடுத்துச் செல்லுங்கள். நிறத்தைக் கடை விளக்கில் முடிவு செய்யாமல் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். நம்மில் பலர் தம் முடி கன்னங்கரேல் என்று நினைத்துக்கொண்டிருந்தாலும், வெயிலில் பார்த்தால் அதில் ஒரு பழுப்பு ஓடும். விக் நிறங்களுக்கு எண்கள் உண்டு. 1 என்பது அட்டைக் கறுப்பு, 1பி என்பது இயல்பான கறுப்பு, 2 என்பது கரும்பழுப்பு. அட்டைக் கறுப்பு விக் தூரத்திலிருந்தே விக் என்று சொல்லிவிடும். ஐயம் இருந்தால் 1பி போதும். நரை கலந்த தலைக்கு நரை கலந்த விக்கே பொருந்தும், அதை இளமையாக்க முயல வேண்டாம்.

எந்த முடி, எவ்வளவு நீளம்

கடைகளில் இரண்டு வகை கிடைக்கும்: சிந்தெடிக் இழையால் ஆனது, மனித முடியால் ஆனது. இரண்டாவதைக் கடைக்காரர்கள் ‘ஒரிஜினல் முடி’ என்பார்கள். திருப்பதியிலும் பழனியிலும் மொட்டையடிக்கும்போது சேரும் முடி ஏலத்தில் விற்கப்பட்டு, தரம் பிரிக்கப்பட்டு, விக் தொழிலுக்குப் போவது பலருக்கும் தெரிந்ததே. அதிலும் வேர்ப்பக்கமும் நுனியும் மாறாமல் ஒரே திசையில் அடுக்கப்பட்ட முடிக்கு ரெமி என்று பெயர். திசை மாறினால் முடியின் மேற்செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிச் சிக்காகும் என்பதால்தான் ரெமிக்கு விலை அதிகம். ஒரிஜினல் என்று சொல்லித் தரப்படுவதைச் சோதிக்க, கடைக்காரரின் ஒப்புதலோடு உதிர்ந்த ஓர் இழையை எடுத்து, வெளியே வந்து, இடுக்கியால் பிடித்துத் தீக்குச்சியில் காட்டிப் பாருங்கள். மனித முடியானால் முடி பொசுங்கும் வாடையோடு எரிந்து, விரலில் தேய்த்தால் பொடியாகும். சிந்தெடிக் என்றால் உருகி, நுனியில் கடினமான மணியாக உறைந்து, பிளாஸ்டிக் நாற்றம் அடிக்கும்.

முதன்முறை வாங்குபவருக்குச் சிந்தெடிக்கையே பரிந்துரைப்பேன். எடை குறைவு, அலசினாலும் பழைய வடிவத்துக்குத் தானே திரும்பும், விலையும் மனித முடியை நோக்க மிகக் குறைவு. தினமும் அணிந்தால் 4 முதல் 6 மாதம் வரை தாங்கும் என்பதால் ஒரு சிகிச்சைக் காலத்துக்கு ஏறக்குறையப் போதும். மனித முடி விக் ஓராண்டும் அதற்கு மேலும் வரும். ஆனால் ஒவ்வொரு முறை அலசிய பிறகும் சொந்த முடியைப் போலவே உலர்த்தி, சீவி, அமைக்க வேண்டும். அந்த வேலைக்கு உடலில் தெம்பு இருக்குமா என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். ஒரு விலையுயர்ந்த விக்கைவிட, மாற்றி மாற்றி அணிய இரண்டு நடுத்தர விக்குகள் இந்த வெயிலுக்கு மேலானவை.

நீளத்தைப் பற்றி ஒரு சொல். இடுப்பு வரை பின்னலோடு வாழ்ந்த பெண்கள் அதே நீளத்தில் விக் கேட்பது இயல்புதான். ஆயினும் நீளம் கூடக்கூட எடை கூடும், பிடரியில் வியர்வையும் புடவைத் தலைப்பும் உரசி, முதலில் அங்கேதான் சிக்கு விழும். தோள் அளவுக்குள் இருக்கும் விக்கை வாங்கிக்கொண்டு, திருமணம் போன்ற நாட்களுக்கு மட்டும் சவுரி சேர்த்துப் பின்னிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

தொப்பியும் அளவும்

விக்கைத் திருப்பி உட்பக்கத்தைப் பார்ப்பது வாங்குபவரின் முதல் கடமை. முடிச்சரங்களை வரிசையாகத் தைத்து, இடையிடையே காற்றுக்கு வழிவிட்ட தொப்பி நம் ஊர் வெயிலுக்கு ஏற்றது. உச்சியில் மெல்லிய வலைத்துணியில் ஒவ்வொரு முடியாகக் கட்டப்பட்டிருந்தால் வகிடு இயல்பாகத் தெரியும், மென்மையான தலைத்தோலில் உறுத்தவும் செய்யாது. அதற்கு மோனோ டாப் என்று பெயர். நெற்றியோரம் மட்டும் லேஸ் வைத்தது, முன்முடியைப் பின்னால் வாரிக் கட்டுபவர்களுக்கு வேண்டும். முன்நெற்றியில் முடி விழும்படி வைத்துக்கொள்பவர்களுக்கு அது தேவையில்லாத செலவு.

தையல்காரர் வைத்திருப்பது போன்ற அளவு நாடாவை எடுத்து, நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலிருந்து காதுக்குப் பின்னால் கொண்டுபோய், பிடரியைச் சுற்றி மறுபக்கம் வழியாக மீண்டும் நெற்றிக்குக் கொண்டுவாருங்கள். பெரியவர்களில் பலருக்கு இது 54 முதல் 57 சென்டிமீட்டருக்குள் இருக்கும். நடுத்தர அளவு விக் அவர்களுக்குப் பொருந்தும். முடி முழுவதும் போன பிறகு சுற்றளவு சற்றுக் குறையும் என்பதால், பிடரியில் இறுக்கவும் தளர்த்தவும் பட்டி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எல்லைக்கோட்டில் அளவு நின்றால் சிறியதை எடுங்கள்.

அணியும் முறை

தலையில் முடி இருந்தால் தட்டையாகப் பின்னிச் சுற்றி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்; கொண்டையாகப் போட்டால் விக் அந்த இடத்தில் புடைக்கும். முடி இல்லையென்றால் பருத்தி அல்லது மூங்கில் நூலால் ஆன உட்தொப்பியை அணியுங்கள். நைலான் உட்தொப்பி மலிவாகக் கிடைக்கும், ஆனால் சித்திரை மாதத்தில் அதை அரை நாள் வைத்திருந்தாலே தலை வெந்துவிடும். உட்தொப்பி வியர்வையை உறிஞ்சுவதால் மூன்று நான்காவது வைத்துக்கொண்டு தினமும் மாற்றித் துவைப்பது விக்கின் ஆயுளையும் நீட்டும்.

விக்கைத் தலைகீழாக்கி இரண்டு முறை மெதுவாக உதறுங்கள். பிறகு முன்விளிம்பை இரு கைகளாலும் பிடித்து நெற்றியில் வைத்து, நீச்சல் தொப்பி போடுவது போலப் பின்னோக்கி இழுத்துப் பிடரி வரை இறக்குங்கள். முன்விளிம்பு புருவத்துக்கு நான்கு விரல் மேலே இருக்க வேண்டும். புதியவர்கள் கழன்றுவிடுமோ என்ற பயத்தில் அதை நெற்றிக்குள் இழுத்துவிடுவார்கள். முகம் குறுகி, பார்த்தவுடன் செயற்கையாகத் தெரிவதற்கு முதல் காரணம் அதுதான். இப்போது காதுகளுக்கு முன்னால் இருக்கும் இரண்டு சிறிய நாக்குகளைத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் நெற்றியின் இருபக்கப் பொட்டுக்களில் ஒரே உயரத்தில், காதிலிருந்து ஒரே தொலைவில் இருந்தால் விக் நேராக இருக்கிறது என்று பொருள். அவற்றுள் மெல்லிய கம்பி இருந்தால் விரலால் அழுத்தி முகத்தோடு படிய வையுங்கள். கடைசியாகப் பிடரியில் பட்டியை மாட்டிவிட்டு, விளிம்புக்கும் தோலுக்கும் இடையே ஒரு விரலை நுழைத்துப் பாருங்கள். நுழைய வேண்டும், ஆனால் தளர்வாக ஓடக் கூடாது. குனிந்து செருப்பை எடுத்துப் பார்ப்பதும், தலையை இடவலமாக ஆட்டிப் பார்ப்பதும் கண்ணாடிக்கு முன்னாலேயே செய்துவிட வேண்டிய சோதனைகள்.

பிடிப்பு போதவில்லையென்றால் வெல்வெட் அல்லது சிலிகான் பட்டி ஒன்றை உட்தொப்பிக்கு மேல் கட்டிக்கொள்ளலாம். சிகிச்சையில் இருப்பவர்கள் பசையும் டேப்பும் ஒட்டவே கூடாது. அந்தத் தோல் எளிதில் உரியும், புண்ணானால் தொற்று வரும்.

புது விக் அனேகமாக அளவுக்கு மீறிய அடர்த்தியோடு இருக்கும். அதைத் தலையில் அணிந்தபடி உட்கார்ந்து, விக் வெட்டிப் பழகிய ஒருவரிடம் முன்முடியைக் குறைத்து, உட்பக்கமாகச் சற்று மெலியவைக்கச் சொல்லுங்கள். வீட்டுக் கத்தரியால் நீங்களே வெட்ட வேண்டாம், வெட்டியது இனி வளராது.

பூவும் குங்குமமும் பின்னலும்

இதைப் பற்றி எந்தச் சீட்டிலும் ஒரு வரி இராது என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மல்லிகைச் சரத்தை விக்கில் வைக்கலாம். ஆனால் ஊசியை மேல்முடியில் மட்டும் மாட்டினால் பூவின் எடையில் முடி இழுபட்டு உருவி வரும். பின்பக்க முடியை விலக்கிப் பார்த்தால் தைக்கப்பட்ட சரம் கையில் தட்டுப்படும். ஊசியை அதற்குள் செலுத்தி மாட்டினால் எடையைத் தொப்பி தாங்கிக்கொள்ளும். தண்ணீர் தெளித்த பூவை உடனே வைக்காமல், துணியில் ஒற்றி ஈரம் போக்கிய பிறகு வையுங்கள். வாடிய பூவோடு விக்கைக் கழற்றி வைத்துவிட்டால் மறுநாள் அந்த இடம் கறைபட்டு நாறும்.

வகிட்டுக் குங்குமம் மோனோ டாப் வலையில் ஏறிவிட்டால் எத்தனை முறை அலசினாலும் இளஞ்சிவப்பு நிற்கும். வகிடு தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், நெற்றித் தோலில் ஒரு புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சையால் நெற்றித் தோலும் வறண்டிருந்தால் எண்ணெய் கலக்காத பொடி போதும், ஸ்டிக்கர் பொட்டின் பசை அப்போது அரிக்கும்.

சவுரி வைத்துப் பின்னும்போது பிடரி முடியை மூன்றாகப் பிரித்து, சவுரியின் காம்பைக் கீழ்ச்சரத்தோடு சேர்த்துக் கட்டி, பின்னலைத் தளர்வாகவே போடுங்கள். குஞ்சலம் வரை போகலாம். ராக்கொடியும் தலை முழுக்க ஜடைபில்லையும் வைத்தால் விக் பின்னோக்கி வழுக்கும், மேடையில் உட்கார்ந்திருப்பவர் நெற்றியைப் பிடித்தபடியே இருக்க நேரிடும்.

தலையில் முக்காடு அல்லது துப்பட்டா போடுபவர்கள் விக்குக்கும் துணிக்கும் இடையில் ஒரு வழுவழுப்பான சாட்டின் துணியைக் கட்டிக்கொண்டால் பிடரிச் சிக்கு பெருமளவு குறையும். ஹெல்மெட்டுக்குள் விக்கைத் திணிக்க வேண்டாம். பருத்தித் தொப்பியோடு வண்டி ஓட்டிப் போய்ச் சேர்ந்த இடத்தில் விக்கை அணிந்துகொள்ளலாம்.

அடுப்பும் விளக்கும்

சிந்தெடிக் இழை சூட்டில் சுருங்கும். தீ எளிதில் பற்றாது என்று சொல்லி விற்கப்படும் இழையும் இதற்கு விலக்கல்ல. தீ தொட வேண்டியதே இல்லை, ஆவி போதும். குக்கர் மூடியைத் திறக்கும்போதும், இட்லிப் பானையைத் திறந்து குனிந்து பார்க்கும்போதும், ஆம்பூர் பாணியில் தம் போட்ட பிரியாணி அண்டாவின் மூடியை நீக்கும்போதும் எழும் ஆவி நேராக முன்முடியில் அடிக்கிறது. ஒரே நொடியில் நுனிகள் சுருண்டு, தொட்டால் தென்னந்துடைப்பத்தின் முனைபோல் சொரசொரக்கும். சுருண்டதை நீவிச் சரிசெய்ய முடியாது. அந்த நுனிகளை வெட்டி எறிவது ஒன்றே வழி. அதனால் அடுப்படிக்குள் நுழையும்போது விக்கைக் கழற்றிவிட்டுப் பருத்தித் துணியைத் தலையில் கட்டிக்கொள்வதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கற்பூர ஆரத்தியைக் குனிந்து கண்ணில் ஒற்றிக்கொள்ளும்போது முன்முடி தட்டுக்கு மேல் தொங்கும். தட்டைத் தலைக்குக் கொண்டுவராமல், கையை நீட்டி வாங்கி ஒற்றிக்கொள்ளுங்கள். மத்தாப்புக் கொளுத்தும் குழந்தைகளுக்கு அருகில் நிற்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். முடி உலர்த்தும் கருவியும் நேராக்கும் கருவியும் சாதாரண சிந்தெடிக்கில் படவே கூடாது. ‘ஹீட் ரெசிஸ்டன்ட்’ என்று பெட்டியில் எழுதியிருந்தால் மட்டும், அதில் அச்சிட்ட வெப்ப அளவுக்குள், முதலில் பிடரியின் உட்பக்கம் சிறு கொத்தில் சோதித்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

அலசும் முறை

தினசரி அணியும் சிந்தெடிக் விக்கை 10 முதல் 15 முறை அணிந்த பிறகு அலசினால் போதும் என்பது பொதுவான கணக்கு. வேலூர்க் கோடையில் 7, 8 முறைக்கு ஒருதரம் அலச வேண்டியிருக்கும். மார்கழி, தை மாதங்களில் அந்தப் பொதுக் கணக்குக்கே திரும்பிவிடலாம். அளவுக்கு மீறி அலசினாலும் இழை தேயும்.

முதலில் தண்ணீர் படுவதற்கு முன்பே, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக மேலேறிச் சிக்கை எடுத்துவிடுங்கள். சீவும் இடத்துக்கு மேலே முடியை விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டால் இழுவிசை தையலுக்குப் போகாது. பிறகு ஒரு வாளியில் குளிர்ந்த தண்ணீர் பிடித்து, மென்மையான ஷாம்பூவை ஒரு மூடியளவு கலக்குங்கள். நுரை சரியாக எழாவிட்டால் அது உப்பு மிகுந்த கடினநீராக இருக்கலாம். ஷாம்பூவைக் கூட்டுவதால் பயனில்லை, தண்ணீரைத்தான் மாற்ற வேண்டும். 20 லிட்டர் கேன் தண்ணீரில் ஐந்தாறு லிட்டரை இதற்கென்று ஒதுக்கினால் அலசவும் கடைசியாகக் கழுவவும் சரியாக இருக்கும். அதற்கும் வழியில்லையென்றால் முதல் அலசலைக் குழாய்த் தண்ணீரிலும் கடைசிக் கழுவலை மட்டுமாவது கேன் தண்ணீரிலும் செய்யுங்கள். உப்பு இழையில் படிந்து உலர்ந்தால் பளபளப்புப் போய், சீப்பு ஓடாமல் மாட்டும்.

விக்கை வாளியில் அமிழ்த்தி 5 நிமிடம் ஊறவிட்டு, மேலும் கீழுமாக அசையுங்கள். துணிபோல் கசக்கவோ முறுக்கவோ வேண்டாம். அழுக்கு அதிகம் சேர்வது முடியில் அன்று, நெற்றியைத் தொடும் உட்பட்டியில்தான். முகப்பவுடர், வியர்வை, தலைவலித் தைலம் எல்லாம் அங்கே பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். பழைய மென்மையான பல் தூரிகையால் அந்தப் பட்டியை மட்டும் லேசாகத் தேய்த்துவிடுங்கள். நுரை போகும்வரை, வேரிலிருந்து நுனியை நோக்கித் தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். மனித முடியானால் நடுப்பகுதியிலிருந்து நுனிவரை கண்டிஷனர் தடவி இரண்டு நிமிடம் கழித்துக் கழுவலாம். வேரில் பட்டால் முடிச்சுகள் வழுக்கி அவிழ்ந்து முடி உதிரும்.

தேங்காய் எண்ணெய், சீயக்காய், அரப்பு மூன்றும் விக்குக்கு ஆகாது. எண்ணெய் இழையில் இறங்காமல் மேலேயே தங்கித் தூசியைப் பிடிக்கும், சீயக்காய்த் தூள் வலைக்கண்களில் அடைத்துக்கொள்ளும். உங்கள் சொந்தத் தலைத்தோலுக்கு எண்ணெய் வேண்டுமென்றால் இரவில் விக்கைக் கழற்றிய பிறகு தடவி, காலையில் கழுவிவிட்டு அணியுங்கள்.

ஈரத்தை எடுக்க, விக்கை ஒரு துண்டில் சுருட்டி உள்ளங்கையால் அழுத்துங்கள். உலர்த்துவதற்குத் தனித் தாங்கி இல்லாத வீட்டிலும், சிகிச்சைக்காக மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து காந்தி ரோட்டிலும் சாயிநாதபுரத்திலும் வாரக்கணக்கில் தங்கியிருப்பவர்களின் லாட்ஜ் அறைகளிலும், தண்ணீர் நிரப்பிய 2 லிட்டர் பாட்டிலின் மேல் சிறு துண்டைச் சுற்றி அதன்மேல் விக்கை வைத்தால் போதும். மின்விசிறிக் காற்றில் ஓர் இரவில் உலர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மறுநாளும் எடுக்கலாம். மொட்டை மாடியில் கொடியில் போடக் கூடாது, வெயிலில் மனித முடி செம்பட்டையாக வெளுக்கும். சிந்தெடிக் விக்கை முழுவதும் உலரும் வரை சீவாதீர்கள். ஈரத்தில் இழுத்தால் இழை நீண்டு, வடிவம் திரும்பாது.

ஆண்களுக்கு

உச்சி வழுக்கையை மறைக்கும் பேட்ச்களில் டேப்பை விடக் கிளிப் வைத்தவை இந்த ஊருக்கு நல்லவை, சுற்றிலும் பிடிமானத்துக்குச் சொந்த முடி இருக்கும் வரை. டேப் ஒட்டியே தீர வேண்டுமென்றால் ஒட்டும் இடத்தைச் சுத்தமாக மழித்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, தோல் நன்கு உலர்ந்த பிறகு ஒட்டுங்கள். கழற்றும்போது பிய்க்காமல் அதற்குரிய திரவத்தை விளிம்பில் விட்டுச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். கூத்துக்கும் பள்ளி ஆண்டு விழாவுக்கும் வாடகைக்கு விடும் டோப்பாவை அன்றாடம் அணிய நினைக்க வேண்டாம். பல தலைகள் மாறியது, காற்றும் புகாது.

மருத்துவமனைக்குப் போகும் நாட்கள்

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறைக்குள் போகுமுன் விக்கைக் கட்டாயம் கழற்ற வேண்டும், கிளிப்பிலும் பட்டியிலும் உலோகம் இருக்கும். தலைக்கும் கழுத்துக்கும் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுபவர்கள் அந்தக் காலம் முழுவதும் விக் அணியலாமா என்று மருத்துவரைக் கேட்டுவிட்டே அணியுங்கள். தலையில் புண், கொப்புளம், நீர்க்கசிவு எது இருந்தாலும் ஆறும்வரை பருத்தித் துணிதான். பையில் எப்போதும் ஒரு பருத்தித் துப்பட்டாவும், விக்கை வைக்கக் காற்றுத் துளையுள்ள பெட்டியும் இருக்கட்டும். காட்பாடியிலிருந்து இரவு ரயில் ஏறுபவர்கள் படுப்பதற்கு முன் கழற்றி அதில் வைத்துவிடுங்கள், விக்கோடு தூங்கினால் ஒரே இரவில் பின்பக்கம் சடையாகிவிடும்.

விட்டுவிடும் நேரம்

பிடரி முடி அலசியும் சீவியும் கலையாத பஞ்சுபோல் நின்றாலோ, உட்பட்டி தளர்ந்து முன்விளிம்பு எழும்பினாலோ அந்த விக் முடிந்தது. கீமோதெரபி நின்ற சில வாரங்களில் பூனைமுடி போல் முளைத்து, 3 முதல் 6 மாதங்களில் பலருக்கும் தலையை மூடும் அளவு சொந்த முடி வந்துவிடும். முதலில் சுருட்டையாகவோ வேறு நிறத்திலோ வந்தால் கலங்க வேண்டாம். முளைக்கும் முடியின் மேல் விக் அணிவதால் வளர்ச்சி தடைப்படாது. ஆனால் சிலிகான் பட்டியும் கிளிப்பும் அந்த இளமுடியை இழுக்கும் என்பதால் அவற்றை விட்டுவிட்டு உட்தொப்பி மட்டும் வைத்து அணியுங்கள். நல்ல நிலையில் இருக்கும் விக்கை இன்னொரு நோயாளிக்குக் கொடுப்பதானால், மேலே சொன்னபடி அலசி, முழுவதும் உலரவைத்து, பிடரிப் பட்டியை முழு அளவுக்குத் தளர்த்திக் கொடுங்கள். உட்தொப்பியைக் கொடுக்க வேண்டாம். அதை அவர் புதிதாக வாங்கிக்கொள்ளட்டும்.